சக ஊழியர் மேலதிகாரி போல நடந்துகொண்டால்: திருகோணமலை உத்தியோகத்தர்களுக்கான கேள்வி பதில்

திருகோணமலையில் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்களில் பலருக்கு அலுவலகம்தான் வாழ்க்கையின் பெரும்பகுதி. மாவட்டச் செயலகம், 11 பிரதேச செயலகங்கள், கிழக்கு மாகாண சபையின் அமைச்சுகளும் திணைக்களங்களும், வங்கிகள், துறைமுகத்தைச் சார்ந்த கம்பனிகள், சீனன்குடாப் பக்கத்துத் தொழிற்சாலைகள், உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்கள். இவை எல்லாவற்றிலும் கேட்கும் முறைப்பாடு ஒன்று உண்டு: "அவர் எனக்கு மேலதிகாரி இல்லை. ஆனால் அப்படித்தான் நடக்கிறார்."

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஆளின் குணத்தைப் பற்றி வாதாடப் போனால் நீங்கள்தான் களைத்துப் போவீர்கள். "இந்த உத்தரவு யாருடையது?" என்று அமைதியாகக் கேட்கப் பழகினால், பிரச்சினையின் பெரும்பகுதி அந்த இடத்திலேயே நின்றுவிடும். கீழே வரும் பதில்கள் எல்லாம் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான்.

உதவி கேட்பதையும் அதிகாரம் செலுத்துவதையும் எப்படிப் பிரித்தறிவது?

"இப்போது ஏலாது, கையில் வேலை இருக்கிறது" என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். உதவி கேட்டவர் "சரி, பிறகு பார்ப்போம்" என்று போவார், அல்லது வேறு ஒருவரைக் கேட்பார். அதிகாரம் எடுத்துக்கொள்கிறவர் காரணம் கேட்பார். அடுத்த நாள் நிர்வாக உத்தியோகத்தரின் காதில் உங்களைப் பற்றி ஒரு கதை விழுந்திருக்கும்.

வேறு அடையாளங்களும் இருக்கின்றன. உங்கள் லீவுப் படிவம் தன்னைத் தாண்டித்தான் போக வேண்டும் என்பார். நீங்கள் எழுதிய கடித வரைவைக் கேட்காமலே திருத்துவார். சேவை பெற வந்த பொதுமக்கள் முன்னால் உங்களைத் திட்டுவார். யார் எந்த வேலையைச் செய்வது என்று தானே பிரித்துக் கொடுப்பார். இவற்றில் ஒன்று ஒரு நாள் நடந்தால் அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். டிசம்பரில் ஆண்டுக் கணக்கு முடிக்கும் நாட்களில் நல்ல மனிதர்களும் குரலை உயர்த்துவார்கள். இரண்டு மூன்று சேர்ந்து, வாரக்கணக்கில் தொடர்ந்தால் அது எல்லை மீறல்தான்.

அவர் சேவையில் எனக்கு 10 வருடம் மூத்தவர். மூத்தவர் சொன்னால் செய்ய வேண்டாமா?

மூப்பு வேறு, மேற்பார்வை அதிகாரம் வேறு. முகாமைத்துவ சேவை உத்தியோகத்தர் ஒருவர் முதலாம் தரத்தில் இருப்பதால் மட்டும் மூன்றாம் தரத்தில் இருப்பவருக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் உரிமை பெற்றுவிடுவதில்லை. கிளைத் தலைவராகவோ பிரதம உத்தியோகத்தராகவோ அவரை எழுத்தில் நியமித்திருந்தால் அந்த உரிமை வருகிறது. தனியார் கம்பனியிலும் இதே கதைதான். "நான் இங்கே முதல் நாளில் இருந்து இருக்கிறேன்" என்பது ஒரு பதவி ஆகாது.

ஆனால் மூத்தவரின் அறிவை மதிக்க வேண்டும். ஒரு காணி அனுமதிப்பத்திரக் கோப்பு 1980களில் இருந்து எப்படி வளர்ந்து வந்தது, யுத்த காலத்தில் எந்தப் பதிவுகள் தொலைந்தன, எந்தக் குடும்பம் எப்போது இடம்பெயர்ந்து எப்போது திரும்பி வந்தது என்பதெல்லாம் இந்த ஊரில் சிலரின் நினைவில்தான் இருக்கிறது. அவரிடம் ஆலோசனை கேளுங்கள், நன்றியும் சொல்லுங்கள். ஆலோசனை கேட்டதற்காக உத்தரவுக்குக் கட்டுப்பட்டவர் ஆகிவிட மாட்டீர்கள்.

என் வேலை எது என்று எழுத்தில் எதுவுமே இல்லை. எங்கே தொடங்குவது?

கடமைப் பட்டியலில் தொடங்குங்கள். அரச அலுவலகத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு விடயம், அதாவது அவர் பொறுப்பாகப் பார்க்கும் வேலைப் பகுதி, ஒதுக்கப்பட்டிருக்கும். அதற்கான பட்டியலை அலுவலகத் தலைவர் ஒப்பமிட்டுத் தர வேண்டும். பல இடங்களில் அது பழையதாக இருக்கும், அல்லது இடமாற்றம் பெற்றுப் போனவரின் பெயரிலேயே இன்னும் இருக்கும். "என் கடமைப் பட்டியலைப் புதுப்பித்துத் தாருங்கள்" என்று கேட்பதில் சண்டை எதுவும் இல்லை, யாருடைய பெயரையும் இழுக்க வேண்டியதில்லை. நான் பார்த்த அளவில் இந்த விடயத்தில் இதைவிடப் பயனுள்ள முதல் அடி கிடையாது.

தனியார் துறையில் நியமனக் கடிதத்தைப் பாருங்கள். கடை, அலுவலக ஊழியர்களுக்கான 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின்படி, வேலையின் விவரங்களை எழுத்தில் தருவது முதலாளியின் கடமை. யாருக்கு அறிக்கை செய்ய வேண்டும் என்ற வரி அதில் இல்லாவிட்டால் முகாமையாளருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் போடுங்கள்: "அன்றாட வேலை தொடர்பாக நான் யாரிடம் அறிவுறுத்தல் பெற வேண்டும் என்று தெரிவியுங்கள்." வரும் பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

"சேர் சொன்னவர்" என்று சொல்லித்தான் வேலை தருகிறார். உண்மையில் சேர் சொன்னாரா என்று எப்படிக் கேட்பது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நம் அலுவலகங்களில் உத்தரவுகளில் பாதி வாய்வழியாகத்தான் போகிறது. பிரதேச செயலாளர் கூட்டத்துக்குப் புறப்படும்போது வாசலில் நின்று ஒருவரிடம் ஏதோ சொல்வார். அவர் அதை இன்னொருவரிடம் சொல்வார். இதில் தவறு இல்லை, வேலை அப்படித்தான் ஓடுகிறது. ஆனால் இந்த வழக்கத்துக்குள் புகுந்து, தன் சொந்த விருப்பத்தைச் சேருடைய வாயில் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். "சேர் சொன்னவர்" என்ற பிறகு யாரும் திரும்பிக் கேட்க மாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

பொய் சொல்கிறார் என்று காட்டப் போகாதீர்கள். சந்தேகத்தையே வெளிக்காட்ட வேண்டாம். உத்தரவை உரியவரிடமே உறுதிப்படுத்துங்கள், அதையும் வேலையைப் பற்றிய கேள்வியாகக் கேளுங்கள். இப்படி: "சேர், சமுர்த்திப் பயனாளிகள் பட்டியலை நான் செய்ய வேண்டும் என்று அறிந்தேன். வெள்ளிக்கிழமைக்குத் தேவையா, அடுத்த வாரம் போதுமா?" சேர் உண்மையில் சொல்லியிருந்தால் நாளைச் சொல்வார். சொல்லியிருக்காவிட்டால் "எந்தப் பட்டியல்?" என்பார். உங்கள் வாயிலிருந்து யாரைப் பற்றியும் ஒரு குறை வரவில்லை, சேருக்கோ விடயம் விளங்கிவிட்டது.

சேரை எளிதில் பார்க்க முடியாவிட்டால் கோப்பிலேயே குறிப்பு எழுதுங்கள். "இன்னாரின் வாய்மொழித் தகவலின்படி நடவடிக்கைக்காக எடுக்கப்பட்டது. உங்கள் அறிவுறுத்தலுக்காகச் சமர்ப்பிக்கிறேன்" என்று எழுதி, திகதியிட்டு, கையொப்பமிட்டு மேலே அனுப்புங்கள். கோப்பில் இருக்கும் குறிப்பு பல வருடம் கழித்தும் பேசும். வாயால் சொன்னதை அடுத்த கிழமையே "நான் அப்படிச் சொல்லவில்லை" என்று விடலாம்.

இரண்டு மூன்று தடவை இப்படி உறுதிப்படுத்துகிறீர்கள் என்று தெரிந்தால், வெறும் பெயரைக் காட்டி வேலை தருவது தானாகக் குறையும்.

நேரே அவரிடமே பேசலாமா?

பேச வேண்டும். மேலதிகாரியிடம் போவதற்கு முன்னால் ஒரு தடவையாவது பேசுங்கள். தான் எல்லை மீறுகிறோம் என்றே தெரியாமல் நடப்பவர்கள் உண்மையில் இருக்கிறார்கள். ஆட்கள் குறைந்த காலத்தில் ஒரு கிளையின் முழுப் பாரத்தையும் தனியாகச் சுமந்தவருக்கு, புதிதாக ஆள் வந்த பிறகும் கையை எடுக்கத் தெரியாமல் இருக்கலாம்.

மற்றவர்கள் முன்னால் பேச வேண்டாம். தேநீர் நேரத்தில், தனியாக, குரலைத் தாழ்த்திப் பேசுங்கள். "நீங்கள் எப்பவும் இப்படித்தான்" என்று தொடங்கினால் கதை அங்கேயே முடிந்தது. நடந்த ஒரு விடயத்தை மட்டும் எடுங்கள்:

"அக்கா, நேற்று அந்தப் பட்டியலைச் செய்து தந்தேன். இன்றைக்கு ஓய்வூதியக் கோப்பும் என் மேசையில் இருக்கு. என்ர விடய வேலை பின்னுக்குப் போகுது. இதையும் நான்தான் பார்க்க வேண்டும் என்றால் நிர்வாக உத்தியோகத்தர் ஒரு குறிப்புப் போட்டுத் தரட்டும். உடனே செய்து தாறன்."

இதில் மறுப்பும் இல்லை, கோபமும் இல்லை. ஆனால் வேலை எந்த வழியில் வர வேண்டும் என்று சொல்லியாகிவிட்டது. அவர் "ஏன், நான் சொன்னால் செய்ய மாட்டியோ?" என்று கேட்டால், "செய்யலாம் அக்கா, கணக்காய்வில் கேட்டால் எனக்கும் காட்ட ஒரு எழுத்து வேணும்" என்று சொல்லுங்கள். கணக்காய்வு என்ற சொல்லுக்கு நம் அலுவலகங்களில் எல்லாருக்கும் மரியாதை உண்டு.

அவர் வயதில் மூத்த நானா. எங்கள் வீட்டுக்கும் தெரிந்தவர். மறுத்துப் பேச வாய் வரவில்லை.

இது உண்மையான கஷ்டம். இதை லேசாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. திருகோணமலையில் அலுவலகமும் ஊரும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. காலையில் உங்களுக்கு வேலை ஏவுகிறவரை மாலையில் ஒரு கல்யாண வீட்டில் பார்க்க வேண்டியிருக்கும். அவருடைய மகளும் உங்கள் மகளும் ஒரே வகுப்பில் படிப்பார்கள். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூன்று பேரும் ஒரே அறையில் இருக்கும் அலுவலகத்தில், ஒரு சின்ன மனத்தாங்கல் இன்னொரு நிறத்தில் பேசப்படுமோ என்ற பயமும் இருக்கும்.

முறை சொல்லி அழைப்பதை நிறுத்த வேண்டாம். "நானா" என்று இவ்வளவு நாளும் அழைத்துவிட்டுத் திடீரென்று "மிஸ்டர்" போட்டால் அது போர் அறிவிப்பு. உறவையும் மரியாதையையும் அப்படியே வைத்துக்கொண்டு வேலையை மட்டும் வேறு வழிக்குத் திருப்புங்கள். "நானா, உங்களுக்குச் செய்ய எனக்கு மனமில்லாமல் இல்லை. சேர் எனக்குத் தந்த வேலை இன்றைக்கு முடிய வேணும்" என்றால் போதும். ஒவ்வொரு தடவையும் அதே அமைதியோடு, அதே பதில். ஒரு நாள் செய்து கொடுத்து ஒரு நாள் மறுத்தால்தான் மனம் நோகும், ஏனென்றால் மறுத்த நாளில் தன்னை அவமதித்துவிட்டதாக அவருக்குத் தோன்றும்.

இன்னொன்று. நடப்பதை இனத்தின் பேரில் நீங்கள் ஒருபோதும் பேசாதீர்கள், உங்களுக்கு ஆதரவாகப் பேச வருகிறவர்களையும் பேச விடாதீர்கள். விடயம் கடமைப் பட்டியலை விட்டுத் திசைமாறினால் அதைத் தீர்க்கும் வழியும் அடைபட்டுப் போகும்.

சிங்களம் தெரிந்த ஒரே ஆள் என்பதால் ஒருவர் அலுவலகத்தையே கையில் எடுத்துவிட்டார். என்ன செய்யலாம்?

கொழும்பிலிருந்து வரும் தொலைபேசி, சுற்றறிக்கை, கடிதம் எல்லாம் ஒருவரின் வழியாகத்தான் மற்றவர்களுக்கு விளங்குகிறது என்றால், அவர் நாளடைவில் அமைச்சின் குரலாகவே ஆகிவிடுவார். "அமைச்சில் இருந்து இப்படிச் சொல்கிறார்கள்" என்று அவர் சொன்னால் யாரால் சரிபார்க்க முடியும்? தமிழ் பேசும் அலுவலகங்கள் பலவற்றில் இது நடக்கிறது. இதைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டிய நேரம் எப்போதோ வந்துவிட்டது.

அரசியலமைப்பின்படி சிங்களமும் தமிழும் அரச கரும மொழிகள், வடக்கு கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி. ஆகவே தமிழ்ப் பிரதி கேட்பது சலுகை கேட்பதாகாது. அலுவலகத் தலைவர் மூலம் தமிழ்ப் பிரதியைக் கேளுங்கள். தொடர்ந்து கிடைக்காவிட்டால் 1991ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம். அதேநேரம் நீங்களும் சிங்களம் படியுங்கள். இரண்டாம் மொழித் தேர்ச்சியை அரச சேவை எப்படியும் உங்களிடம் கேட்கிறது. ஒரு கடிதத்தை நீங்களே வாசித்து விளங்கிக்கொள்ளும் நாளில் இந்த இடைத்தரகு முடிந்துபோகும்.

அதுவரை, தொலைபேசியில் வந்த எந்த உத்தரவையும் மின்னஞ்சலில் உறுதிப்படுத்தி வாங்கும்படி தலைவரிடம் கேளுங்கள்.

வட்ஸ்அப் குழுவில் எல்லாருக்கும் உத்தரவு போடுகிறார்.

குழுவுக்குள் பதில் வாதம் செய்யாதீர்கள். வேலைக்குத் தேவையானதை மட்டும் தலைவரிடம் தனியாகக் கேளுங்கள். இரவு 10 மணிக்கு வரும் செய்திக்குக் காலையில் பதில் போட்டால் போதும். குழுவின் நிர்வாகியாக யார் இருக்க வேண்டும் என்பதை அலுவலகத் தலைவர்தான் தீர்மானிக்க வேண்டும். அடுத்த ஊழியர் கூட்டத்தில் அதைக் கேளுங்கள்.

என் கடவுச்சொல்லைக் கேட்கிறார். நான் இல்லாத நேரம் என் பெயரில் ஆவணங்களையும் அனுப்பியிருக்கிறார்.

இதுவரை சொன்னவை பொறுமையாகக் கையாளக்கூடியவை. இது அப்படி இல்லை. அன்றைக்கே நடவடிக்கை எடுங்கள்.

கடவுச்சொல், இறப்பர் முத்திரை, கையொப்பம் மூன்றும் உங்கள் பொறுப்பு. உங்கள் பெயரில் போன ஆவணத்துக்கு விசாரணையில் முதலில் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். கடவுச்சொல்லை உடனே மாற்றுங்கள். முத்திரையை மேசை லாச்சியில் வைத்துப் பூட்டுங்கள். பிறகு அதே நாளில் அலுவலகத் தலைவருக்கு எழுத்தில் அறிவியுங்கள்: எந்த ஆவணம், எந்தத் திகதி, அந்த நேரம் நீங்கள் எங்கே இருந்தீர்கள். லீவில் இருந்தால் லீவுப் பதிவே சாட்சி, கைவிரல் அடையாள இயந்திரத்தின் பதிவும் உதவும்.

பணம் சம்பந்தப்பட்டால் இன்னும் இறுக்கமாக நில்லுங்கள். அரச நிதிப் பிரமாணங்களில் 135ஆம் பிரமாணம் நிதி அதிகாரங்களைக் கையளிப்பதைப் பற்றியது. யார் அங்கீகரிக்கலாம், யார் சான்றுப்படுத்தலாம், யார் கொடுப்பனவு செய்யலாம் என்பது எழுத்தில் பிரித்து ஒப்படைக்கப்படுகிறது. அந்த எழுத்தில் பெயர் இல்லாதவர் "போட்டுவிடுங்கோ, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொன்னால் போடாதீர்கள். அவர் எவ்வளவு நெருக்கமானவராக இருந்தாலும் போடாதீர்கள். பிறகு கழிபடும் சம்பளம் உங்களுடையது.

எப்போது மேலதிகாரியிடம் போவது? எப்படி எழுதுவது?

பேசிப் பார்த்தும் மாறவில்லை என்றால் போங்கள். போவதற்கு முன் ஒரு சின்னக் கொப்பியில் திகதி, நேரம், என்ன சொன்னார், யார் இருந்தார்கள் என்று எழுதி வையுங்கள். உங்கள் உணர்ச்சிகளை அதில் எழுத வேண்டாம். "கத்தினார்" என்பதைவிட "கவுண்டரில் ஆட்கள் நிற்கும்போது உரத்த குரலில் இன்னதைச் சொன்னார்" என்பது பலமான வரி.

கடிதத்தில் அவரைப் பற்றிய குற்றப் பட்டியல் தேவையில்லை. முதல் கடிதம் இப்படி இருந்தால் போதும்:

"எனக்கு ஒப்படைக்கப்பட்ட கடமைப் பட்டியலின்படி காணிக் கிளையின் அனுமதிப்பத்திரக் கோப்புகளைக் கையாண்டு வருகிறேன். கடந்த சில வாரங்களாக ஓய்வூதியக் கிளையின் வேலைகளும் வாய்மொழியாக என்னிடம் தரப்படுகின்றன. இதனால் காணிக் கோப்புகளில் தாமதம் ஏற்படுகின்றது. எந்த வேலைக்கு முன்னுரிமை அளிக்க வேண்டும் என்பதையும், யாரிடமிருந்து அறிவுறுத்தல் பெற வேண்டும் என்பதையும் எழுத்தில் அறியத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

தலைவர் இதற்குப் பதில் எழுத வேண்டும் என்றால் யாருக்கு என்ன அதிகாரம் என்று தீர்மானித்தே ஆக வேண்டும். அதுதான் உங்களுக்குத் தேவை. உரிய வழியில், உங்கள் நேரடி மேலதிகாரி ஊடாகவே அனுப்புங்கள். பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தோடு ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும்.

மேலதிகாரியே அவருக்கு இடம் கொடுத்து வைத்திருக்கிறார். பிறகு யாரிடம் போவது?

பெரும்பாலான எல்லை மீறல்களுக்குப் பின்னால் மௌனமாக இருக்கும் ஒரு தலைவர் இருக்கிறார். சில தலைவர்கள் இந்த ஊருக்குப் புதியவர்கள், வெளி மாவட்டத்திலிருந்து வந்து இரண்டொரு வருடத்தில் மாறிப் போகிறவர்கள். எல்லாம் தெரிந்த ஒருவரின் மேல் சாய்ந்துகொள்வது அவர்களுக்கு வசதி. அதனால் முதலில் "இவரை அடக்குங்கள்" என்று கேட்காமல், "இவருக்கு அந்த அதிகாரத்தைத் தந்திருக்கிறீர்களா? தந்திருந்தால் எழுத்தில் தாருங்கள்" என்று கேளுங்கள். தந்தால் சரி, அவர் இனி உங்கள் மேற்பார்வையாளர், பொறுப்பும் அவருடையது. நீங்கள் அதற்குக் கட்டுப்பட வேண்டும். தராவிட்டால் அவருடைய உத்தரவுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

அதற்கும் பதில் இல்லை என்றால் அடுத்த படி நீங்கள் எந்தச் சேவையில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. திருகோணமலையில் மத்திய அரசின் அலுவலகங்களும் மாகாண அலுவலகங்களும் ஒரே வீதியில் இருப்பதால் பலர் இதில் குழம்பிப்போகிறார்கள். பிரதேச செயலகமும் மாவட்டச் செயலகமும் மத்திய அரசின் கீழ் வருபவை. அங்கே மாவட்டச் செயலாளர், அதற்கு மேல் அமைச்சு என்று போகும். மாகாணத் திணைக்களங்களில் திணைக்களத் தலைவர், அமைச்சின் செயலாளர், பிரதம செயலாளர் என்று போகும். மாகாண உத்தியோகத்தர்களின் ஒழுக்காற்று விடயங்கள் மாகாண பொதுச் சேவை ஆணைக்குழுவுக்குரியவை. தொழிற்சங்கத்தில் இருந்தால் கிளைச் செயலாளரிடமும் சொல்லுங்கள். பாரபட்சமாக நடத்தப்படுகிறீர்கள் என்று காட்ட ஆதாரம் இருந்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் திருகோணமலைப் பிராந்திய அலுவலகத்துக்குப் போகலாம். அதற்குத் தாமதிக்க வேண்டாம். பாரபட்சத்துக்கு எதிராக அடிப்படை உரிமை வழக்கும் போடுவதென்றால் அதற்கான காலம் ஒரு மாதம்தான்.

அவர் இப்போது பதில் கடமை பார்க்கிறார். அப்போது அவர் சொல்வதைக் கேட்க வேண்டுமா?

ஆம். பதில் கடமைக் கடிதம் இருக்கும்வரை, அந்தக் கடிதம் தரும் அளவுக்கு. நிரந்தர அதிகாரி திரும்பி வந்து கடமையேற்றதும் அது முடிந்துவிடும். முடிந்த பிறகும் அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றித்தான் முறைப்பாடு அதிகம் வருகிறது. கடிதத்தில் இருக்கும் திகதியைக் காட்டிக் கேளுங்கள்.

எனக்கு விளக்கம் கேட்டு அவரே ஒரு கடிதம் தந்திருக்கிறார்.

ஒழுக்காற்று அதிகாரம் சக ஊழியருக்குக் கிடையாது. அரச சேவையில் அந்த நடைமுறை தாபன விதிக்கோவையின் இரண்டாம் தொகுதியில் இருக்கிறது, அது உரிய அதிகாரியின் கையில்தான் தொடங்க வேண்டும். கடிதத்தைக் கிழிக்காதீர்கள், எறியாதீர்கள். பெற்றுக்கொண்டு, அதன் பிரதியோடு அலுவலகத் தலைவருக்கு எழுதுங்கள்: "இக்கடிதம் உங்கள் அறிவுறுத்தலின் பேரில் வழங்கப்பட்டதா என்று அறியத் தாருங்கள். ஆம் எனில் எனது விளக்கத்தை உங்களுக்கே சமர்ப்பிப்பேன்."

தனியார் ஹோட்டலில் வேலை. முதலாளி கொழும்பில். சீசன் வந்தால் மூத்த ஊழியர் ஒருவர்தான் இங்கே ராஜா. "நாளைக்கு வராதே" என்று சொல்லிவிட்டார்.

நாளைக்குப் போங்கள். இதைத் திரும்பத் திரும்பச் சொல்லத் தோன்றுகிறது: போங்கள். அதிகாரம் இல்லாத ஒருவர் வாயால் சொன்னதை நம்பி வீட்டில் நின்றுவிட்டால், நீங்களாகவே வேலையை விட்டுப் போனதாகப் பதிவாகிவிடும். வேலை நேரத்துக்குப் போய், வருகையைப் பதிந்து, உள்ளே விடாவிட்டால் வாசலில் நின்றபடியே முதலாளிக்கோ முகாமையாளருக்கோ செய்தி அனுப்புங்கள். "வேலைக்கு வந்திருக்கிறேன். இன்னார் உள்ளே விடவில்லை. என்னை நிறுத்தியிருக்கிறீர்களா?" நேரத்தோடு இருக்கும் அந்தச் செய்தி பெறுமதியானது.

மே முதல் செப்டெம்பர் வரை கிழக்குக் கரையில் ஹோட்டல்கள் நிரம்பியிருக்கும். அந்த நாட்களில் ரோஸ்டரை மாற்றுவது, லீவை மறுப்பது, சேர்விஸ் சார்ஜ் பங்கைப் பிரிப்பது என்று பல அதிகாரங்கள் யாருக்கும் தெரியாமல் ஒருவரின் கைக்குப் போய்விடும். ரோஸ்டரை ஒவ்வொரு கிழமையும் படம் எடுத்து வையுங்கள். சேர்விஸ் சார்ஜ் கணக்கை முகாமையிடமிருந்து எழுத்தில் கேளுங்கள், தனியாகக் கேட்காமல் நாலு பேர் சேர்ந்து கேளுங்கள். 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் ஊழியர்களுக்கு வேலை நேரம் நாளுக்கு 8, வாரத்துக்கு 45 மணித்தியாலம். அதற்கு மேல் நின்றால் மேலதிக நேரக் கொடுப்பனவு உண்டு.

உண்மையாகவே வேலையிலிருந்து நீக்கினால் தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்துக்குப் போங்கள். தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிப்பதானால் நீக்கிய நாளிலிருந்து 6 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அரச உத்தியோகத்தருக்கு இந்த வழி கிடையாது.

அவர் அதிகாரம் காட்டுவது வேலையோடு நிற்கவில்லை. தனியாக நிற்கச் சொல்கிறார், வேண்டாத பேச்சுப் பேசுகிறார்.

இது அதிகார எல்லைப் பிரச்சினை இல்லை, குற்றம். தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு, 1995இல் திருத்தப்பட்டபடி, பாலியல் தொந்தரவுக்கு 5 வருடம் வரை சிறைத்தண்டனை விதிக்க இடம் தருகிறது. அலுவலகத்துக்குள் பேசித் தீர்க்க வேண்டும் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. பொலிஸ் நிலையத்தின் சிறுவர், மகளிர் பிரிவில் முறையிடலாம். பெண்களுக்கான 1938 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். செய்திகளை அழிக்காதீர்கள். நம்பும் ஒருவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள். "ஊர் என்ன சொல்லும்" என்ற பயத்தில் நீங்கள் இதைத் தனியாகச் சுமக்கக் கூடாது.

நான் அலுவலகத் தலைவர். என் கீழே இப்படி ஒருவர் இருப்பது தெரியும். வேலையில் கெட்டிக்காரர், இழக்க விருப்பமில்லை.

அப்படியானால் அவருக்கு உரிய பதவியையும் அதற்கான எழுத்தையும் கொடுங்கள், அல்லது எல்லையைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். இரண்டும் செய்யாமல் விட்டால் மற்ற ஊழியர்கள் ஒவ்வொருவராக ஒதுங்குவார்கள், நல்லவர்கள்தான் முதலில் இடமாற்றம் கேட்பார்கள். யாராவது உங்களிடம் வந்து "நீங்கள் சொன்னீர்களாமே" என்று கேட்டால் எரிச்சல்படாதீர்கள். அந்தக் கேள்வி அலுவலகத்தில் வரவேற்கப்படுகிறது என்று தெரிய வேண்டும். வாய்மொழி உத்தரவை அன்று மாலைக்குள் ஒரு வரிக் குறிப்பாகவாவது போடும் பழக்கத்தை நீங்களே தொடங்குங்கள்.

போதும், இடமாற்றம் கேட்டு மாறிப் போகலாமா?

போகலாம். அதில் வெட்கம் இல்லை. ஆனால் களைத்துப்போன ஒரு பின்னேரத்தில் முடிவெடுக்க வேண்டாம். கிண்ணியாவுக்கு 2009இல் பாலம் வந்த பிறகு நகரத்திலிருந்து போய்வருவது பெரிய பாடில்லை. வெருகலோ பதவிசிறிபுரவோ கிடைத்தால் பிள்ளைகளின் பாடசாலை, வயதான அம்மா அப்பா, பஸ் நேரம் எல்லாவற்றையும் கணக்குப் பார்க்க வேண்டும். எழுதியதற்குப் பதில் வரச் சில வாரம் பொறுத்துப் பாருங்கள், அதற்குள் வருடாந்த இடமாற்ற விண்ணப்பத்தின் கடைசித் திகதி தவறிப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

போவதென்று முடிவெடுத்தால் கோப்புகளை அவரிடம் வாயால் ஒப்படைத்துவிட்டுப் போகாதீர்கள். ஒவ்வொரு கோப்பின் இலக்கத்தையும் நிலுவை வேலைகளையும் எழுதி, இரண்டு பிரதி எடுத்து, பொறுப்பேற்பவரின் கையொப்பமும் அலுவலகத் தலைவரின் ஒப்பமும் உள்ள ஒன்றை உங்களோடு கொண்டுபோங்கள். கணக்காய்வுக் கேள்வி புதிய அலுவலகத்துக்கு உங்களைத் தேடி வந்தால் காட்ட அது தேவைப்படும்.